ஒரு பல் கீழே

காலுக்குப் போடுகிற எதையும் சாயங்காலத்தில்தான் வாங்க வேண்டும். காலையில் பாதம் சுருங்கி இருக்கும். நடந்து, நின்று, வேலை பார்த்து, பொழுது சாயும்போதுதான் அது தன் உண்மையான அளவுக்கு வரும். விடிந்ததும் அளவு பார்த்து வாங்கிப் போய்விட்டு, விரல் நசுங்குகிறது என்று மறுபடி வந்து நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஷூவும் கொஞ்சம் இறுக்கம் என்று நினைக்கிறேன், மேடம். உட்கார்ந்த உடனே மேஜைக்கு அடியில் குதிகாலை வெளியே எடுத்துவிட்டீர்கள்.

தப்பாக நினைக்காதீர்கள். என் வேலை அது. குழாய் வார்க்கிற தொழிற்சாலையின் ஸ்டோரில் சேஃப்டி சாமான்களைக் கொடுக்கிறவள் நான். ஹெல்மெட், கையுறை, கண்ணாடி, முனையில் இரும்பு வைத்த பூட்ஸ். கம்பி வலை போட்ட ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம் வரிசை நிற்கும். ஆட்களின் முகத்தைவிடக் கால்தான் எனக்கு நன்றாக அடையாளம் தெரியும். ஸ்டோர் அக்கா என்றால் வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் தெரியும். நான் கொடுத்த பூட்ஸைப் போட்டு யாருக்கும் ஒரு விரல் போனதில்லை. நான் ஆட்களைக் காயப்படுத்துகிற ரகம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது தம்பியைப் பற்றி. அம்மா போனபோது அவனுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது. அப்பா அதற்கு முன்பே வேறொரு வீட்டுக்குப் போய்விட்டார். அவனைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்தில் விட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் நான்தான். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், தம்பியும் கூட வருவான் என்று சொன்னேன். டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதை நான் ஒரு குறையாக யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. வளர்ந்த பிறகு அவனை எங்கள் தொழிற்சாலையிலேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டச் சேர்த்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவன் வண்டி யார்டில் போவதும் வருவதும் தெரியும்.

மோட்டார் சைக்கிள் மட்டும் என்னைக் கேட்காமல் வாங்கினான்.

ரப்பர் செருப்போடு அதை ஓட்டுவான். பூட்ஸ் பையில் இருக்கும். கேட்டுக்கு வந்துதான் மாற்றுவான். உள்ளே இரும்புக் குழாய் காலில் விழக்கூடாதாம், வெளியே ரோடு மட்டும் காலில் விழலாமாம். ஒருநாள் கட்டைவிரல் நகம் பெயர்ந்து வந்தான். அப்போதுதான் பூட்ஸ் போட்டுக்கொண்டே ஓட்டச் சொன்னேன்.

"அக்கா, இது வண்டி ஓட்டுற பூட்ஸ் இல்ல. மூக்கு இவ்ளோ பெருசா இருக்கு, கியர் லீவருக்கு அடியில எப்படிப் போகும்? அடி வேற தடி. பிரேக்ல கால் இருக்கா இல்லையான்னே தெரியாது. யானைக்கால வச்சு ஊசியில நூல் கோக்குற மாதிரிதான்."

"போட்டுத்தான் பாரேன்."

"நீ விடவே மாட்டியே," என்று சிரித்துக்கொண்டு போட்டுக்கொண்டான். எனக்காகத்தான் போட்டுக்கொண்டான். அவன் அப்படிப்பட்டவன்.

கொஞ்ச நாளில் கேட் முன்னால் விழுந்தான். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியை நிறுத்தினான். இடது காலை ஊன்ற வேண்டும், கால் வரவில்லை. பூட்ஸின் முனை கியர் லீவருக்கு அடியில் ஆப்பு அடித்த மாதிரி மாட்டிக்கொண்டது. மரம் சாய்வதுபோல, அவசரமே இல்லாமல், வண்டியோடு இடது பக்கம் சாய்ந்தான். கணுக்கால் உடைந்தது.

அது விபத்து. அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தான். பாத்ரூமுக்குப் போக என் தோளைப் பிடித்துக்கொள்வான். தலை துவட்டிவிட்டால் சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொள்வான். நான் வேலைக்குக் கிளம்பும்போது, "சீக்கிரம் வந்துடுக்கா, போரடிக்குது" என்பான். பல வருஷமாக அவன் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போவேன். உள்ளே நுழைந்ததும், நாள் முழுக்க யோசித்து வைத்ததையெல்லாம் கொட்டுவான். நாங்கள் அவ்வளவு சிரித்தோம், மேடம். மாவுக்கட்டைப் பிரிக்கிற தேதி வந்தபோது டாக்டரிடம், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்று நான்தான் கேட்டேன். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று சொல்லிவிட்டார்.

மெக்கானிக்கும் அந்த வாரம்தான் வீட்டுக்கு வந்தார். எங்கள் படிக்கட்டுக்கு அடியில் நின்ற வண்டியைச் சரி பார்த்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். லீவரைக் கழற்றி, அது மாட்டுகிற தண்டில் சுற்றிலும் பல் பல்லாக இருப்பதைக் காட்டினார்.

"தம்பி இந்த பூட்ஸ்தான் போடுவாருன்னா லீவர ஒரு பல் மேல ஏத்தி மாட்டணும்மா. ஏத்திட்டேன், இப்ப மூக்கு தாராளமா உள்ள போயிட்டு வரும். யாராவது இறக்கிட்டாங்கன்னா பழையபடி மாட்டும், பாத்துக்கங்க."

எந்த ஸ்பேனர் என்று கேட்டேன். பத்தாம் நம்பர் என்றார். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது என் வழக்கம். அப்போது மனதில் ஒன்றும் இல்லை.

அந்தப் பெண்ணும் அப்போதுதான் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். எங்கள் தொழிற்சாலையின் டெஸ்டிங் லேபில் வேலை. வாய் ஓயாது என்பதால் அங்கே எல்லோரும் அவளை ரேடியோ என்று கூப்பிடுவார்கள். முதலில் உடம்பு விசாரிக்க வந்தாள். பிறகு பழம் கொண்டுவந்தாள். பிறகு ஒன்றும் கொண்டுவராமல் வந்தாள். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். கதவைத் திறந்ததும் நிற்கும். என்னிடம் கொட்ட அவனிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது.

நல்ல பெண். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்போதும் மெல்லிய வாரு வைத்த செருப்புதான் போடுவாள், அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்காது.

கால் சரியான பிறகு ஒருநாள் இருவரும் என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். அவள்தான் ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னை அக்கா என்று கூப்பிடாமல் அண்ணி என்றாள்.

"அண்ணி, எங்க ரெண்டு பேருக்கும் வேற ஊர்ல வேலை கெடச்சிருக்கு. ஒரே கம்பெனி. அடுத்த மாசம் சேரணும். அதுக்குள்ள ரிஜிஸ்டர் பண்ணிடலாம்னு…"

"நீயும் வந்துடுக்கா," என்றான் தம்பி. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆமாண்ணி, உங்களுக்குன்னு தனி ரூம் இருக்கு. நான் சமைக்க மாட்டேன், அத மட்டும் முன்னாடியே சொல்லிடறேன்."

மூன்று பேரும் சிரித்தோம். நான் போய்ப் பாத்திரம் கழுவினேன். அழவில்லை. ஒரு ரூம் தருகிறார்கள் என்பதை யோசித்துக்கொண்டிருந்தேன். வளர்த்தவளுக்கு ரூம். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல.

அவனுக்கு இந்தப் பயணம் ஒத்துவராது என்று எனக்குத் தெரிந்தது. புது ஊர், புது ஆட்கள். சமைக்க மாட்டேன் என்று இப்போதே சொல்கிற பெண். அவனுக்கு ராத்திரியில் கால் பிடித்துக்கொள்ளும், அது அவளுக்குத் தெரியுமா. அவன் போகாமல் இருந்தால் போதும். சேர வேண்டிய தேதி தவறிவிட்டால் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். ஒரு கணுக்கால் கூட எத்தனை வாரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை கூடியதுதானே. மறுபடியும் கூடும். நான் கேட்டது ஒரு கணுக்கால்தான், மேடம்.

புது ஊரில் வாடகை வீடு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போவதாக இருந்தார்கள். அதற்கு முந்தின நாள் மத்தியானம் தம்பி முடி வெட்டப் போயிருந்தான். நான் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து போல்ட்டைத் தளர்த்தினேன். லீவர் கொஞ்சம் அடம்பிடித்தது. கீழ்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வந்தார்.

"என்னம்மா, நீயே மெக்கானிக் ஆயிட்டியா?"

"சேறா இருக்குண்ணே. தொடைக்கறேன்," என்றேன்.

"கொடுத்து வச்சவன் உன் தம்பி," என்று சொல்லிவிட்டு, அவர் தண்ணீர் முழுவதையும் ஊற்றி முடிக்கிறவரை அங்கேயே நின்றார். என் கையில் லீவர் தனியாக இருந்தது. சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர் உள்ளே போன பிறகு ஒரு பல் கீழே இறக்கி மாட்டினேன். எழுந்து பார்த்தேன். வித்தியாசமே தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்து இன்னும் ஒரு பல் இறக்கினேன்.

மறுநாள் அவன் துணி ஷூவோடு கிளம்பினான். நான் ஸ்டோரிலிருந்து ஒரு புது ஜோடி பூட்ஸ் கொண்டுவந்து வைத்திருந்தேன். புது வேலைக்கு என் பரிசு என்று சொன்னேன். அவன் அளவுக்கு ஒரு சைஸ் பெரியது; முனை உயரமான ரகம்.

"இன்னிக்கி வேணாங்கா. ஷூவே போதும்."

"ஹைவேடா. நான் கேட்டா செய்ய மாட்டியா?"

அவன் தயங்கினான். அவள்தான் பேசினாள். "போட்டுக்கோயேன். அண்ணி எவ்ளோ ஆசையா கொண்டு வந்திருக்காங்க." குனிந்து, அவளே லேஸை இழுத்துக் கட்டிவிட்டாள்.

வண்டியைக் கிளப்பி, தெருவில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தான். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"கியர் ஒரு மாதிரி இறுக்கமா இருக்குக்கா. கால் உள்ள போகவே மாட்டேங்குது."

குனிந்து பார்த்தான். லீவரைக் கையால் தொட்டான். மேலும் கீழுமாக ஆட்டினான். கீழ்வீட்டு ஜன்னலில் கீழ்வீட்டுக்காரர் இருந்தார். அவர் வாயைத் திறந்து, நேற்று உங்கள் அக்காதான் துடைத்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டாட்டா காட்டினார்.

"புது பூட்ஸ்டா. விறைப்பா இருக்கும். கொஞ்ச தூரம் போனா பழகிடும்," என்றேன்.

பூட்ஸ் விஷயத்தில் அவன் என்னை நம்புவான். எல்லோரும் நம்புவார்கள்.

அவள் காலை இரண்டு பக்கமும் போட்டு ஏறப் போனாள். நீளமான புதுப் பாவாடை கட்டியிருந்தாள். "துணி கசங்கிடும்மா. ஒரு பக்கமா உக்காந்துக்கோ," என்றேன். சரி அண்ணி என்று இடது பக்கம் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இதைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்த நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று. நல்ல துணி, மேடம். கசங்கியிருக்கும்.

எங்கள் தெருமுனையில் சிக்னல் இருக்கிறது. அங்கே எப்போதும் சிவப்புதான். திட்டிக்கொண்டேதான் எல்லோரும் நிற்பார்கள். அங்கே நிறுத்துவான், கால் மாட்டும், நின்ற வண்டியோடு சாய்வான், நான் ஓடிப்போய்த் தூக்குவேன் என்று நினைத்திருந்தேன். மாடியில் நின்று பார்த்தேன். அன்றைக்குப் பச்சையாக இருந்தது. அவர்கள் நிற்காமல் போய்விட்டார்கள்.

ஃபோன் என் கையில்தான் இருந்தது. அவன் பெயரை எடுத்தும் வைத்தேன். ஆனால் வண்டி ஓட்டும்போது ஃபோன் அடித்தால் கவனம் சிதறும். அது ஆபத்து. தொழிற்சாலையில் அதைப் பற்றி நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். அதனால் கூப்பிடவில்லை.

உள்ளே வந்து அவன் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டேன். காலை உயர்த்தி வைக்க இரண்டு தலையணைகளை எடுத்து அடியில் வைத்தேன். பாத்ரூமில் வழுக்காத ரப்பர் பாயைத் தேய்த்துக் கழுவிப் போட்டேன். அப்புறம் உட்கார்ந்து காத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஃபோன் அடித்தபோது விரிப்பின் ஓரத்தை மறுபடி ஒருமுறை இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் எடுத்தேன்.

ஹைவேயில் எடைமேடைக்குப் பக்கத்தில் லாரிகள் தேங்கி நின்றிருக்கின்றன. தம்பி நிறுத்தியிருக்கிறான். கால் வரவில்லை. இடது பக்கம் ஒரு டிரெய்லர் மெதுவாக யார்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. வண்டி அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. டிரைவர் எதையும் பார்க்கவில்லை என்று சொல்கிறார். அவர் சொல்வது உண்மை. அவரை விட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் பூட்ஸைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். நர்ஸ் ஆச்சரியப்பட்டாள். உள்ளே ஐந்து விரலும் அப்படியே இருந்தன, ஒரு கீறல்கூட இல்லை. இரும்பு முனை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. அதற்கு மேலே, கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும்தான் ஒன்றும் மிச்சமில்லை. முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். முதுகிலும் அடி, இடுப்புக்குக் கீழே அசைவில்லை, இனிமேல் அவனாகத் திரும்பிப் படுக்க முடியாது.

அந்தப் பெண் அங்கேயே போய்விட்டாள். செருப்பு ரோட்டின் அந்தப் பக்கம் கிடந்ததாம். மெல்லிய வாரு வைத்த செருப்போடு மோட்டார் சைக்கிளில் போகக்கூடாது. நான் சொல்லியிருக்கிறேன்.

அவளுடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்களப் பத்தியே பேசிட்டிருப்பா. அண்ணி அம்மா மாதிரின்னு." அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். வேறு யாரும் கொடுக்கிற மாதிரி இல்லை.

தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேலையை விட்டுவிட்டேன். துடைப்பது, திருப்பிப் போடுவது, ஊட்டிவிடுவது எல்லாம் நானே. முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. டாக்டரைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அவன் பேசவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். ஊட்டினால் வாயைத் திறப்பான், அவ்வளவுதான். போன தடவை மாதிரி இல்லை. நான் சிரிப்புக் கதை ஏதாவது சொல்வேன். அவன் கண்ணிலிருந்து நீர் காது வரை வழியும்.

ஒருநாள் காலையில் முகம் துடைத்துவிடும்போது வாயைத் திறந்தான்.

"நான்தான்கா அவளக் கொன்னுட்டேன். கியர் மாட்டுதுன்னு தெரிஞ்சும் ஓட்டினேன். என் கால் மட்டும் வந்திருந்தா…"

இப்படி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு அவன் தவித்திருக்கிறான், நான் கவனிக்காமல் இருந்துவிட்டேன். எனக்குத் தாங்கவில்லை. அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"இல்லடா. உன் தப்பு ஒண்ணும் இல்ல. லீவர இறக்கினது நான். முந்தின நாள் மத்தியானம், நீ முடி வெட்டப் போயிருந்தப்ப. நீ எதுக்கு அழற?"

அவன் அழுகை நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவு சுலபமாக நிற்கும் என்றால் முன்பே சொல்லியிருப்பேன்.

"வேணும்னேவா?" என்றான்.

"நீ போகக்கூடாதுன்னுதான்டா."

"அவ பின்னாடி உக்காருவான்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"ஒரு பக்கமா உக்காரச் சொன்ன."

"துணி கசங்கும்னு சொன்னேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். என் மடியில்தான் இருந்தான், விலகவில்லை. அவனால் விலக முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். தலையைத் திருப்பியிருக்கலாம், இல்லையா. கொஞ்சம் கழித்து ஃபோன் வேண்டும் என்றான். சார்ஜ் போட்டு, அவன் கைக்கு எட்டும்படி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரையாவது கூப்பிட்டுப் பேசினால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். அவன் பேசும்போது பக்கத்தில் நிற்பது நாகரிகம் இல்லை என்று சமையலறைக்குப் போய்விட்டேன். அவனுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் நீங்கள் கதவைத் தட்டினீர்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். லீவரை இறக்கினேன், பெரிய பூட்ஸைக் கொடுத்தேன், அவளை ஒரு பக்கமாக உட்காரவைத்தேன், ஃபோனை வைத்துக்கொண்டு கூப்பிடாமல் இருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். நீங்கள் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டீர்கள்.

அவனைப் பார்த்துக்கொள்ள இப்போது ஒரு ஆண் நர்ஸ் வந்திருப்பதாகச் சொன்னீர்கள். அந்த ஆளிடம், திருப்பிப் போடும்போது இடது தோளுக்குக் கீழே கையைக் கொடுக்கச் சொல்லுங்கள். வலது பக்கம் பிடித்தால் வலிக்கும், ஆனால் வாய் திறந்து சொல்ல மாட்டான். வீட்டுப் பூட்டை இன்றைக்கே மாற்றச் சொன்னானாம். கோபத்தில் சொல்லியிருப்பான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வான். மாற்றட்டும், மேடம். ஒரு சாவியை மட்டும் எனக்கென்று தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நான் வரவில்லையே என்று அவன் காத்துக்கொண்டிருப்பான்.